வான்கதவை உடைத்துக் கட்டின கதை: சிட்டி ஒஃப் ஹீரோஸ் ஹோம்கமிங்கில் ரீஸ்பெக்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாத ஆட்கள் இந்தப் பந்தியோடு போகலாம். சிட்டி ஒஃப் ஹீரோஸ் ஹோம்கமிங் காசு கேட்காத கேம், பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். அதில் ரீஸ்பெக் என்று ஒரு வசதி இருக்கிறது, கட்டி முடித்த ஹீரோவின் பவர்களை அடியோடு பிரித்து மறுபடி அடுக்குவதற்கு. நான் விளையாடின கேம்களில் இவ்வளவு தாராளமாக இதைத் தருகிற வேறொன்றைக் காணவில்லை. ஆனால் ஒரே இருப்பில் செய்து முடிக்க வேண்டும், அரைவாசியில் சேமித்து வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம் என்ற கதையே இல்லை. கார்த்திகை மாதத்துக் கிளிநொச்சியில் இதைத் தொடங்குகிறவனிடம் ஒரு யூ.பி.எஸ். இருக்க வேண்டும், அல்லது அவன் என்னைப்போல ஒரு விசரனாக இருக்க வேண்டும்.

கேமைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2004 ஏப்ரலில் வந்தது, கிரிப்டிக் ஸ்டூடியோஸ் செய்தது, என்சிசொஃப்ட் வெளியிட்டது. சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கி, உடுப்பு முதல் பறக்கிற விதம் வரைக்கும் நாமே தெரிந்தெடுத்து, பரகன் சிட்டி என்ற ஊரில் மற்ற ஆட்களோடு சேர்ந்து அடிபடுவது. 2012 நவம்பர் 30ஆம் திகதி சேர்வரை நிற்பாட்டினார்கள், எட்டு வருசமாக வளர்த்த பாத்திரங்கள் எல்லாம் ஒரே இரவில் போய்விட்டன. 2019இல் ரசிகர்களே சேர்வர் வைத்து மறுபடி ஓட்டத் தொடங்கினார்கள், அதில் ஒன்றுதான் ஹோம்கமிங். 2024 ஜனவரியில் என்சிசொஃப்டே அவர்களுக்கு முறைப்படி அனுமதி கொடுத்துவிட்டது, அதனால் இப்போது ஒளித்து விளையாட வேண்டியதில்லை. சேர்வர் செலவுக்கு நன்கொடை வாங்குகிறார்கள், மாதத்துக்குத் தேவையான தொகை சேர்ந்ததும் உண்டியலை மூடிவிடுகிறார்கள். இப்படிக் காசு போதும் என்று சொல்கிற ஒரு கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனக்கு இதைக் காட்டினது அத்தான், அக்காவின் மனிசன், ஸ்காபரோவில் இருக்கிறார். அவர் 2004இல், கேம் வந்த முதல் வருசமே விளையாடியவர். அந்த வருசம் எங்கள் பக்கம் ஜெனரேட்டர் கரண்ட்தான், எனக்கு ஐந்து வயது, கொம்பியூட்டரை நான் கண்ணால் கண்டதே அதற்கு எத்தனையோ வருசத்துக்குப் பிறகு. போன வருசம் வட்ஸ்அப்பில் கதைக்கும்போது "தம்பி, அந்தக் கேம் திரும்ப வந்திட்டுதாம், இறக்கிப் பார்" என்றார். நைட் டேட்டாவில் மூன்று இரவு இறக்கினேன். என்னிடம் இருப்பது வவுனியாவில் வாங்கின ஒரு பாவித்த கொம்பியூட்டர், கிராபிக்ஸ் கார்ட் என்று தனியாக ஒன்றுமில்லை. நிழல், தண்ணீர்ப் பளபளப்பு எல்லாவற்றையும் குறைத்து வைத்தால் செப்பமாக ஓடுகிறது.

என் ஹீரோவின் பெயர் வான்கதவு. 2018 மார்கழி வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்ட அந்த இரவை மறக்காதவன் என்பதால் தண்ணீரை எடுத்தேன். கொரப்டர் வகை, முதல் பவர்த் தொகுதி வோட்டர் பிளாஸ்ட், இரண்டாவது டைம் மனிபுலேஷன். தண்ணீரால் அடிப்பது, நேரத்தை இழுத்து எதிரியை மந்தமாக்குவது. கொரப்டருக்கு என்று ஒரு குணம் இருக்கிறது, எதிரியின் உயிர் குறையக் குறைய நம்முடைய அடி இரட்டிப்பாக விழுகிற வாய்ப்பு கூடிக்கொண்டு போகும். வான் பாயத் தொடங்கினால் பிறகு நிற்காது என்பது மாதிரி.

சரி, பிரச்சினைக்கு வருவோம். லெவல் 50 வரைக்கும் போனால் ஒரு பாத்திரத்துக்கு 24 பவர் தெரிந்தெடுக்கலாம். ஒவ்வொரு பவருக்கும் ஒரு ஸ்லொட் தானாகவே வரும், அதற்கு மேல் 67 ஸ்லொட் தருவார்கள், அதை எங்கே வைப்பது என்பது நம் விருப்பம், ஒரு பவருக்கு ஆகக்கூடியது ஆறு. அந்த ஸ்லொட்டுக்குள் என்ஹான்ஸ்மென்ட் போட வேண்டும், அடியைக் கூட்ட, குறி தவறாமல் விழ, பவர் வெள்ளெனத் திரும்பி வர என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சாமான். 67 என்பது கேட்கப் பெரிய எண், 24 பவருக்குப் பங்கிடத் தொடங்கினால் கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு மிஞ்சின பாயாசம் மாதிரித்தான்.

நான் அத்தானிடம் கேட்டேன். அத்தான் சொன்னார், "யோசிக்காத, அடிக்கிற பவர் எல்லாத்துக்கும் ஆறு ஸ்லொட், ஆறிலையும் டமேஜ்." நானும் போட்டேன். லெவல் 50 வந்தபோது என் வான்கதவு அடிக்கும், அதில் குறையில்லை, ஆனால் நான்கு அடி அடித்ததும் அடிக்கிற சக்தியைக் காட்டுகிற நீலப் பட்டை காலி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும், எதிரி தட்டினால் விழுந்துவிடும். மற்றவர்களோடு குழுவாகப் போனால் எல்லோரும் அடுத்த அறைக்குப் போன பிறகு நான் இந்த அறையில் நிலத்தில் கிடப்பேன்.

பிறகுதான் விளங்கியது, அத்தானின் புத்திமதி 2004இல் நூற்றுக்கு நூறு சரி. 2005 கடைசியில் என்ஹான்ஸ்மென்ட் டைவர்சிஃபிகேஷன் என்று ஒரு மாற்றம் வந்தது, அவர் அதற்கு முதலே விளையாட்டை விட்டுவிட்டார். கணக்கு இதுதான்: சிங்கிள் ஒரிஜின் எனப்படும் சாதாரண டமேஜ் என்ஹான்ஸ்மென்ட் ஒன்று 33 வீதம் சொச்சம் தரும். மூன்று போட்டால் 100 வரவேண்டும், 95 வரும். நியாயம். ஆறு போட்டால் 200 வரவேண்டும், வருவதோ 110. பிந்தின மூன்று ஸ்லொட்டும் சேர்ந்து உழைத்தது 15 வீதம். எனக்கு ஏழு அடிக்கிற பவர் இருந்தது, ஆக 21 ஸ்லொட் சும்மா மதிலுக்கு மேல் அடுக்கின கல்லாகக் கிடந்திருக்கிறது. அத்தானுக்கு இதைச் சொன்னேன். "அப்பிடியோ, எங்கட காலத்தில உந்தச் சட்டமெல்லாம் இல்லை" என்றார், ஏதோ வரிச்சட்டம் மாறினது மாதிரி.

ஆகவே ரீஸ்பெக். கையில் ஒன்று இருந்தால் சட் பெட்டியில் ஒரு சாய்கோடு போட்டு ரீஸ்பெக் என்று அடித்தாலே போதும், திறக்கும். கையில் இல்லாவிட்டால் சம்பாதிக்கலாம்: டெரா வோல்டா என்ற அணு உலையைக் குழுவாகக் காப்பாற்றும் நீண்ட வேலை ஒன்று இருக்கிறது, லெவல் 24, 34, 44 என்று மூன்று படியாக, படிக்கு ஒரு ரீஸ்பெக். கடைசி அறையில் உலையைச் சுற்றி நின்று அலை அலையாக வருகிற ஆட்களை மறிக்க வேண்டும். எட்டுப் பேர் இருந்தால் பம்பல், நான்கு பேர் என்றால் சித்திரவதை. கேமில் பெரிய மாற்றம் ஏதாவது வரும்போது நடத்துநர்களே இலவசமாக ஒன்று தருவதும் உண்டு.

திறந்தால் முதலில் பவர்கள். லெவல் 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக மறுபடி தெரிந்தெடுக்க வேண்டும். அப்புறம் ஸ்லொட். கடைசியில் பழைய என்ஹான்ஸ்மென்ட் எல்லாம் ஒரு குவியலாக வந்து நிற்கும், அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் புது ஸ்லொட்டில் வைக்க வேண்டும். முதல் இரண்டும் பத்து நிமிச வேலை. மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும். நுள்ளிக் கிடக்கிற வட்ட வட்டப் படங்கள், ஒன்றுக்கும் மற்றதுக்கும் நிறத்தில் மயிரிழை வித்தியாசம், சுட்டியை மேலே வைத்துப் பெயர் வாசித்து இழுத்து வைத்து, மறுபடி அடுத்தது. நெல்லில் கல் பொறுக்குகிற வேலைதான். தொண்ணூறு சொச்சம் தரம்.

அறுபதாவதில் நிற்கும்போது பின்னேரம் மழை தொடங்கி, ஒரு இடி, கரண்ட் போய்விட்டது.

கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பவரும் இல்லை, ஸ்லொட்டும் இல்லை, இனி வான்கதவு அம்மணமாகத்தான் நிற்கும் என்று நினைத்தேன். இரவு பத்து மணிக்குக் கரண்ட் வந்து உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பழைய பவர், பழைய ஸ்லொட், ஆறு டமேஜ், எல்லாம் அப்படியே. ரீஸ்பெக்கும் கையில் இருக்கிறது. கடைசிப் பொத்தானை அமத்தும் வரைக்கும் கேம் எதையும் தொடுவதில்லை, முழுதாக முடித்தால்தான் கணக்கு. இந்த ஒரு விசயத்துக்காகவே இதைச் செய்தவர்களுக்குக் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்கலாம், முறிகண்டிப் பக்கம் போகும்போது உடைக்கிறேன். ஆனாலும் செய்த அறுபதும் போனதுதான், மறுநாள் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

மறுநாள் செய்துகொண்டிருக்கும்போது அப்பா பின்னால் வந்து நின்றார். அப்பா மேசன். சண்டைக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் வந்த காலத்தில் பரந்தனிலிருந்து விசுவமடு வரைக்கும் அவர் கல் வைக்காத ஒழுங்கை குறைவு. பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதென்ன, நேற்றும் உதைத்தானே செய்தனி?"

"உடைச்சுத் திருப்பிக் கட்டுறன் அப்பா."

"அத்திவாரத்தையும் மாத்தலாமோ?"

"இல்லை, அது மாத்தேலாது. மேல இருக்கிறதுதான்."

"பிளான் எங்க?"

பிளான் இல்லை. மனதில் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார், அவர் வேலைத்தலத்தில் பெடியன்களைப் பேசாமல் விட்டுப் போவதும் இப்படித்தான், அதற்கு அவர் பேசுவதே மேல்.

அவர் கேட்ட அத்திவாரக் கேள்வி இந்தச் சேவையில் ஆட்கள் அதிகம் ஏமாறுகிற இடம். ரீஸ்பெக்கால் வகையை மாற்ற முடியாது, கொரப்டர் கொரப்டர்தான். முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி இரண்டையும் மாற்ற முடியாது. தண்ணீர் வேண்டாம், நெருப்பு வேண்டும் என்றால் புதுப் பாத்திரம் ஒன்றைத் தொடங்கி லெவல் 1இலிருந்து நடக்க வேண்டும். தொகுதிக்குள்ளே எந்தப் பவர், பொதுத் தொகுதிகளில் எது, ஸ்லொட் எங்கே, அவ்வளவுதான் நம் கையில். நல்லவன் கெட்டவனாக மாறுவதற்கு இது தேவையே இல்லை, பொக்கெட் டி என்ற கிளப்பில் நல் த கல் என்று ஒரு கடற்காகம் இருக்கிறது, அதனோடு கதைத்தால் போதும். ஆம், கடற்காகம். முல்லைத்தீவுக் கரையில் மீன் களவெடுக்கிற அதே சாதி.

அன்று முடித்தேன், பிளான் இல்லாமலே, அதற்கான தண்டனையும் வாங்கினேன். புது அடுக்கில் இடமில்லாமல் மிஞ்சுகிற என்ஹான்ஸ்மென்ட்டைத் தட்டில் எடுத்து வைக்க வேண்டும், வைக்காமல் விட்டதைக் கேம் விற்றுவிடும். அதை வாசிக்காமல் அவசரத்தில் முடித்தது என் பிழை. லக் ஒஃப் த கேம்ப்ளர் என்ற விலைகூடின என்ஹான்ஸ்மென்ட் ஒன்று, கேம் சந்தையில் பல மில்லியன் இன்ஃப்ளூயன்ஸ் (கேமுக்குள் ஓடுகிற காசு) கொடுத்து வாங்கினது, சில்லறைக்குப் போய்விட்டது. பழைய இரும்புக்காரனுக்குப் புது வோட்டர் பம்பைப் போட்டவன் மாதிரி இருந்தேன்.

இரண்டாம் தரம் செய்யும்போது மனிசனாகச் செய்தேன். மிட்ஸ் ரீபோர்ன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, கேமுக்கு வெளியே இருந்துகொண்டு முழுப் பாத்திரத்தையும் அதில் கட்டிப் பார்க்கலாம், ஒவ்வொரு ஸ்லொட்டுக்கும் என்ன வருகிறது என்று எண்களாகக் காட்டும். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், தொடக்கத்தில் காணி உறுதி வாசிக்கிற மாதிரி ஒன்றும் விளங்காது, இரண்டு நாள் இருந்தால் பிடிபட்டுவிடும். நான் மூன்று இரவு அதில் இருந்தேன், பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் எழுதி எடுத்தேன், எந்த லெவலில் எந்தப் பவர், எந்த ஸ்லொட்டில் எது என்று, ஏனென்றால் என் கொம்பியூட்டரில் இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டுகிறது. அப்பா கொப்பியைக் கண்டார். இந்த முறை கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோனார், அதைப் பாராட்டு என்றுதான் எடுக்க வேண்டும்.

அந்தக் கொப்பியில் இருந்த கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹேஸ்டன் என்ற பவர், பொதுத் தொகுதியில் யாரும் எடுக்கலாம், 120 செக்கன் நிற்கும், அந்த நேரத்தில் அதுவும் சேர்த்து எல்லாப் பவரும் 70 வீதம் விரைவாகத் திரும்பும். தான் திரும்பி வர 450 செக்கன் எடுக்கும். இதை இடைவெளியில்லாமல் ஓட வைக்கலாமா என்பதுதான் பில்ட் (பவர், ஸ்லொட் அடுக்கு) கட்டுகிறவர்களின் பைத்தியம். 450ஐ 120க்குள் கொண்டுவர 3.75 மடங்கு வேகம் வேண்டும், அதாவது 275 வீதம் மேலதிகம். ஹேஸ்டனுக்குள்ளேயே மூன்று ஸ்லொட் போட்டால் 95, அது தனக்கே தருவது 70, மிச்சம் 110ஐ வெளியே தேட வேண்டும். லக் ஒஃப் த கேம்ப்ளரில் ஒரு சாமான் 7.5 வீதம் தரும், ஐந்து வைத்தால் 37.5. ஆறாவதைக் கேம் கணக்கெடுக்காது, ஐந்துதான் சட்டம். அதை வைக்கத் தற்காப்புத் தருகிற ஐந்து பவர் வேண்டும். ஆகவே அடிக்கிற பவர் இரண்டைக் கைவிட்டு ஃபார்சைட், மனூவர்ஸ், ஹோவர், ஸ்கோர்பியன் ஷீல்ட், வீவ் என்று எடுத்தேன். மிச்சத்துக்கு, ஒரே செட் என்ஹான்ஸ்மென்ட்டைச் சேர்த்து வைத்தால் வருகிற சலுகைகளைப் பொறுக்கினேன், டைம் மனிபுலேஷனில் இருக்கிற க்ரோனோ ஷிஃப்ட் பவரும் கைகொடுத்தது.

இதில் எதிர்பாராத லாபம் தற்காப்பு. நம் லெவலில் இருக்கிற சாதாரண எதிரி நூறு அடி அடித்தால் ஐம்பது விழும். தற்காப்பு 45 வீதம் ஆனால் ஐந்துதான் விழும், அதற்குக் கீழே எவ்வளவு முயன்றாலும் இறங்காது. 20 வீதத்திலிருந்து 30க்கு ஏறினால் பெரிதாகத் தெரியாது, 40க்கு மேல் ஒவ்வொரு வீதமும் தங்கம். முன்பு தட்டினால் விழுகிற வான்கதவு இப்போது நடுக்கூட்டத்தில் நின்று கைசர் என்ற தண்ணீர்ப் பவரைப் போடுகிறது, பத்துப் பேர் தூக்கி எறியப்படுகிறார்கள், நீலப் பட்டையில் இன்னும் அரைவாசி மிச்சம். அடிக்கிற பவரை விட்டதால் அடி குறைந்ததா என்றால், இல்லை, உயிரோடு நிற்கிறவன் அடிக்கிற அடிதானே கணக்கு.

இன்னும் இரண்டு விசயம் தெரிந்திருந்தால் என் முதல் முயற்சியே தேவைப்பட்டிருக்காது. ஒன்று, பிரெய்ன்ஸ்டோர்ம் என்ற சோதனைச் சேர்வர். அங்கே பாத்திரத்தைக் கொண்டுபோய் வேண்டிய லெவலும் சாமானும் சும்மா எடுத்து ஓட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாம். மற்றது, ஒரு பாத்திரத்துக்கே மூன்று பில்ட் வரை தனித்தனியாக வைத்திருக்கலாம், பழையதைக் கலைக்காமல் இரண்டாவதில் புதியதைக் கட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாகச் சாமான் வாங்க வேண்டும், ஒரு வீட்டு ஓட்டை மற்ற வீட்டுக்குப் போட முடியாது. என்னிடம் இரண்டு வீட்டுக்குக் காசில்லை.

இங்கேயிருந்து விளையாடுவது எப்படி என்று கேட்பீர்கள். நான் ரியூனியன் என்ற ஐரோப்பியச் சேர்வரில் இருக்கிறேன், டொங்கிளில் 200 மில்லிசெக்கன் அளவில் இழுவை இருக்கிறது. சுடுகிற கேம் என்றால் இந்த இழுவைக்குச் செத்தே போவோம், இது 2004ஆம் ஆண்டு வேகத்தில் ஓடுகிற கேம், ஒரு பவரை அமத்தினால் அது கை தூக்கி வீசி முடிய ஒன்றிரண்டு செக்கன் எடுக்கிறது, இழுவை அதற்குள் கரைந்துவிடுகிறது. பெரிய பிரச்சினை நேரம். லண்டனில் இரவு எட்டு மணிக்குக் கூட்டம் சேரும், கோடையில் அது எங்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை, மாரியில் ஒன்றரை. டெரா வோல்டா முடித்துவிட்டு வெளியே வந்தால் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு இருப்பார்.

யாருக்கு ஏற்றது? ஐந்து நிமிசத்தில் உள்ளே போய் எதையாவது அடித்துவிட்டு வர நினைக்கிறவர்கள் லெவல் 50 வரைக்கும் ரீஸ்பெக்கைத் திறக்கவே தேவையில்லை, சாதாரண என்ஹான்ஸ்மென்ட்டோடு சந்தோசமாகப் போகலாம். எண்ணைப் பிடித்துத் தொங்குகிற ஆட்கள்தான் கவனம், இது நேரத்தைத் தின்னும். இரண்டாம் தரம் செய்த ரீஸ்பெக் எனக்கு ஒன்றே கால் மணித்தியாலம் எடுத்தது, கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதற்கு முதல் வவுனியாவில் பழைய யூ.பி.எஸ். ஒன்று வாங்கிப் பட்டரி மாற்றியிருந்தேன். அது கொம்பியூட்டரைப் பத்து நிமிசம்தான் தாங்கும், ரவுட்டரைத் தாங்குமா என்று இன்னும் பார்க்கவில்லை.

இப்போது கொப்பியில் மூன்றாவது பக்கத்தில் ஒரு பிழை கண்டிருக்கிறேன். ஹேஸ்டன் முடிந்து மறுபடி வர நான்கு செக்கன் இடைவெளி விழுகிறது, வீவிலிருந்து ஒரு ஸ்லொட்டை எடுத்தால் அடைக்கலாம். ரீஸ்பெக் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஞாயிறு பகல் முழுக்க எங்கள் பக்கம் கரண்ட் இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள், ஆகவே சனி இரவு, மழை இல்லாவிட்டால். அத்தானும் வருகிறேன் என்கிறார், டாங்கர் வகைப் பாத்திரம் ஒன்று செய்திருக்கிறாராம், ஆறு ஸ்லொட்டிலும் ஒரே சாமான்.